செத்துப் போனவருக்குக் கொடுத்த வாக்கு: மறுமை இல்லையென்றால் அறம் எதைப் பிடித்து நிற்கும்?

தனிவழி

இறந்த பிறகு ஒன்றும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இதை வீட்டில் சொல்லி 15 வருடத்துக்கு மேல் ஆகிறது. யாரும் பெரிதாகச் சண்டை போட்டதில்லை, நானும் யாருடைய நம்பிக்கையையும் கிண்டல் செய்ததில்லை. போன மாதம் குடும்பத்தின் பொதுப் பணத்தை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது, சிலர் என் பெயரைச் சொன்னார்கள். அப்போது நான் மிகவும் மதிக்கும் ஒரு பெரியவர், என் முகத்துக்கு நேராகவே, "தம்பி நல்லவன்தான், ஆனா மேலே ஒருத்தன் கணக்குக் கேட்பான்கிற பயம் இல்லாதவன் கையில பணத்தைக் கொடுக்க எனக்கு மனசு வரலை" என்றார். கோபம் வரவில்லை. வலித்தது. கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை என்று தெரிந்ததால் இன்னும் அதிகமாக வலித்தது.

அன்றிலிருந்து இரண்டு விஷயங்கள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று, அம்மாவின் கடைசி நான்கு வருடங்கள். நினைவு முழுக்கத் தப்பிவிட்டது, நான்தான் உடன் இருந்தேன். இரவு முழுக்க ஒரே கேள்வியை இருபது தடவை, முப்பது தடவை கேட்பார். காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. நான் கத்தியிருந்தாலும் கையை ஓங்கியிருந்தாலும் சாட்சி கிடையாது, ஏனென்றால் பட்டவருக்கே அது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். ஒருநாள் கத்தினேன். அவர் பயந்து சுவரோரம் ஒதுங்கினார், பிறகு மறந்துபோய் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு மட்டும் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது, நினைவு தப்பும் முன் அம்மா என்னிடம் வாங்கிய வாக்கு. அம்மாவின் இளவயதில் அவரைத் தாங்கிப்பிடித்த ஒரு தோழி இன்று தனியாக வாழ்கிறார். அவர் இருக்கும்வரை மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டும் என்று கேட்டார், சரி என்றேன். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அம்மா போய் ஆறு வருடமாகிறது. நிறுத்தினால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, அம்மாவும் எங்கிருந்தும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் அனுப்புகிறேன், ஒரு மாதம் தாமதமானால் தூக்கம் வருவதில்லை.

ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைவிட, எனக்கே ஒரு பதில் வேண்டும். நம்பிக்கை உள்ளவர்கள், இல்லாதவர்கள் இருவரும் எழுதுங்கள்.

பழையபேனா

உங்கள் பெரியவர் சொன்னது ரொம்பப் பழைய சந்தேகம். மதச் சகிப்புக்காக எழுதிய ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கே 1689-ல் வெளிவந்த தன் கடிதத்தில் இறைமறுப்பாளரைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்றார். காரணம் என்ன தெரியுமா? வாக்கு, ஒப்பந்தம், சத்தியம் எதுவும் அவர்களைக் கட்டுப்படுத்தாதாம். உங்கள் கதைக்கு நேர் எதிர். அதற்கு ஏழு வருடம் முன்பு, 1682-ல், பியேர் பெய்ல் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஒரு வால்நட்சத்திரத்தைச் சாக்காக வைத்து எழுதிய நூலில், கடவுள் நம்பிக்கையே இல்லாத ஒரு சமூகமும் ஒழுங்காக வாழ முடியும் என்று வாதிட்டார். மனிதர்கள் தாங்கள் நம்பும் கொள்கையின்படி நடப்பதில்லை, பழக்கத்தின்படியும் மான அவமானத்தின்படியும்தான் நடக்கிறார்கள் என்பது அவர் கண்டது. நம்புகிறவர்களே நம்பிக்கைக்கு எதிராக நாள்தோறும் நடக்கும்போது, நம்பாதவர்கள் தங்கள் நம்பாமைக்கு ஏற்பத் தப்பாமல் நடப்பார்கள் என்று மட்டும் ஏன் நினைக்க வேண்டும்?

சந்தேகம் இன்னும் போகவில்லை. பியூ ஆய்வு மையம் 2019-ல் 34 நாடுகளில் கேட்டபோது, நல்லவராக இருக்கக் கடவுள் நம்பிக்கை தேவை என்று சொன்னவர்கள், நாடுகளின் நடு மதிப்பாக எடுத்தால், 45 விழுக்காடு. ஸ்வீடனில் 9, இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் 96. இன்னொன்று மனதை உறுத்துவது: 2017-ல் 13 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், கொடூரமான ஒரு தொடர் கொலைகாரனை விவரித்துவிட்டு அவன் யாராக இருக்கலாம் என்று ஊகிக்கச் சொன்னார்கள். இறைமறுப்பாளனாக இருப்பான் என்ற பக்கமே ஊகம் சாய்ந்தது. ஊகித்தவர்களில் இறைமறுப்பாளர்களும் இருந்தார்கள், அவர்களிடமும் அதே சாய்வு. ஆக, அந்தப் பெரியவர் உங்களை எடைபோட்டுச் சொன்னதாக நான் நினைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு பயத்தை அவர் வாய் சொல்லியிருக்கிறது.

அகல்விளக்கு

நான் நம்பிக்கை உள்ளவள். தீர்ப்பு நாள் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். தனிவழி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்து அழுதேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் பக்கமும் ஒன்று உண்டு.

எங்கள் அப்பாவை ஒருவர் முன்பகையில் அடித்துப்போட்டு ஒரு கால் போய்விட்டது. வழக்கு இழுத்து இழுத்துக் கடைசியில் சாட்சி இல்லை என்று முடிந்தது. என் தம்பிக்கு அப்போது 22 வயது. ஒரு ராத்திரி ஆயுதத்தோடு வெளியே போனான். நானும் அம்மாவும் விடியும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தோம். காலையில் வெறுங்கையோடு திரும்பி வந்து, "அவன் வீட்டு வாசல் வரைக்கும் போனேன்கா, நாளைக்கு இறைவன் முன்னாடி நிற்கும்போது நான் என்ன சொல்வேன்னு தோணிச்சு, கால் நகரலை" என்றான். இன்று அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அந்த ராத்திரி அவனைத் தடுத்தது சட்டம் இல்லை, சட்டம் ஏற்கனவே எங்களைக் கைவிட்டுவிட்டது. மனசாட்சி என்று சொல்வீர்கள், ஆனால் அவன் மனசாட்சியும் அன்று வெட்டு என்றுதான் சொல்லியிருக்கும், அவ்வளவு வெந்துபோயிருந்தான். மறுமை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

இன்னொன்று. நீங்கள் நம்பிக்கை இல்லாமல் நல்லவராக இருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அம்மா நம்பிக்கை உள்ளவர் என்று நினைக்கிறேன். அவர் உங்களை வளர்த்த விதம் அந்த நம்பிக்கையில் இருந்து வந்தது. அவர் சேர்த்து வைத்ததை நீங்கள் எடுத்துச் செலவு செய்கிறீர்கள், அது தீரும்போது அடுத்த தலைமுறைக்கு என்ன இருக்கும்? குற்றம் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

தனிவழி

அகல்விளக்கு, உங்கள் தம்பி திரும்பி வந்ததற்கு நான் மனதார நன்றி சொல்கிறேன், எது திருப்பி அனுப்பியிருந்தாலும். அந்த நம்பிக்கை அவரிடம் இல்லாமல் போயிருக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஆமாம், அம்மா நம்பினார். நீங்கள் கேட்ட கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் சின்ன வயதில் நான் ஒரு பையனை அடித்துவிட்டு வந்தபோது அவர் நரகத்தைப் பற்றிப் பேசவில்லை. என் கையைப் பிடித்து அந்தப் பையனின் வீட்டுக்குக் கூட்டிப்போய், அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வீங்கியிருந்தது, சூடாக இருந்தது. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். அவரே மறுமையை நம்பினாலும், எனக்குக் கற்றுக்கொடுக்கும்போது அதைத் தொடவே இல்லை. என் மகளுக்கு நான் அதையே செய்ய முடியும் என்று நினைக்கிறேன், கையிருப்பு தீராது.

தரவுப்புள்ளி

இந்தக் கேள்வியில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கொஞ்சம் எழுதுகிறேன். யாருக்கும் முழு வெற்றி தராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2012-ல் ஷரீஃப், ரெம்டுல்லா என்ற இருவர் 67 நாடுகளின் குற்ற விகிதத்தையும் மக்களின் நம்பிக்கையையும் வைத்துப் பார்த்தார்கள். நரக நம்பிக்கை அதிகமாக உள்ள இடத்தில் குற்றம் குறைவு. சொர்க்க நம்பிக்கை அதிகமாக உள்ள இடத்தில் குற்றம் கூடுதல். மறுமை என்று ஒரே சொல்லில் நாம் கட்டிவைப்பது இரண்டு எதிர்த்திசையில் இழுக்கிறது பாருங்கள். நாடுகளுக்கு இடையிலான ஒப்பீடு என்பதால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் சகோதரியின் தம்பி கதையோடு இது பொருந்துகிறது: தடுப்பது தண்டனை பயம்.

அப்புறம், பயம் வேலை செய்யக் கடவுள்தான் வேண்டுமா? 2006-ல் ஒரு பல்கலைக்கழகத்தின் பொது அறையில், பானம் எடுத்துக்கொண்டு காசை நீங்களே பெட்டியில் போடுங்கள் என்ற ஏற்பாட்டில், விலைப்பட்டியலுக்கு மேலே ஒரு வாரம் பூப்படம், மறு வாரம் உற்றுப் பார்க்கும் கண்களின் படம் என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கண்கள் இருந்த வாரங்களில் விழுந்த காசு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வெறும் தாளில் அச்சடித்த கண்கள். இது சின்ன ஆய்வு, இந்த வகை ஆய்வுகளில் எல்லாம் பிறகு திரும்பச் செய்தபோது ஒரே மாதிரி முடிவு வந்ததில்லை, அதனால் இதன்மேல் கோட்டை கட்ட வேண்டாம். ஆனாலும், யாரோ பார்க்கிறார்கள் என்ற உணர்வு நம்மை நெறிப்படுத்தும் என்பதை நம் எல்லோருக்கும் அனுபவமே சொல்லும்.

2014-ல் அமெரிக்கா, கனடாவில் 1,252 பேரின் கைப்பேசிக்கு நாளுக்குப் பலமுறை செய்தி அனுப்பி, கடந்த ஒரு மணி நேரத்தில் நல்லதோ கெட்டதோ ஏதாவது செய்தீர்களா என்று கேட்டார்கள். மதப்பற்று உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1973-ல் டார்லியும் பேட்சனும் செய்தது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியின் 40 மாணவர்கள், அதாவது மதப் பணிக்கே வாழ்க்கையைக் கொடுக்க வந்தவர்கள். பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேச வேண்டும் என்று அனுப்பினார்கள், அவர்களில் சிலருக்குத் தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன். போகும் வழியில் ஒரு மனிதர் குனிந்து இருமிக்கொண்டு கிடக்கிறார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்றார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான் நின்றார்கள். தலைப்பு பெரிதாக உதவவில்லை, மதப்பற்றின் வகையும் நிற்பதா போவதா என்பதைத் தீர்மானிக்கவில்லை. அவசரம் தீர்மானித்தது.

நேர்கோடு

எல்லாம் பயம்தான் நண்பர்களே. மேலே ஒருவர், இல்லையென்றால் காவல்துறை, இல்லையென்றால் பக்கத்து வீடு. யாரும் பார்க்கவில்லை என்று நூறு சதவீதம் உறுதியானால் எல்லோரும் ஒன்றுதான். நானும்தான்.

மழைக்குருவி

நேர்கோடு, நீங்கள் சொன்னதை பிளேட்டோ ஒரு மோதிரத்தை வைத்துக் கேட்டிருக்கிறார். போட்டுத் திருப்பினால் யார் கண்ணுக்கும் தெரியாமல் போகலாம், அப்படி ஒரு மோதிரம் கிடைத்தால் நேர்மையாக இருப்பவன் உண்டா என்று. ஆனால் தனிவழி அந்த மோதிரத்தை நான்கு வருடம் விரலில் போட்டுக்கொண்டுதானே அம்மாவோடு இருந்தார்! ஒருநாள் கத்தியிருக்கிறார், அந்த ஒருநாளுக்காக இன்னும் வலிக்கிறது அவருக்கு. கண்ணெதிரே இருக்கும் இந்த மனிதரை விட்டுவிட்டு எல்லோரும் ஒன்றுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. பயந்து நல்லது செய்வதை மதங்களுக்குள்ளேயே உயரத்தில் நின்றவர்கள் ஏற்கவில்லை. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ராபியா என்ற சூஃபி ஞானியின் பெயரில் ஒரு வேண்டுதல் வழங்குகிறது: நரகத்துக்குப் பயந்து உன்னை வணங்கினால் நரகத்திலேயே என்னை எரி, சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டு வணங்கினால் அதை எனக்கு அடைத்துவிடு. மறுமையை முழுக்க நம்பிய ஒரு பெண் இப்படி வேண்டுகிறார். காலாமர்கள் என்ற மக்கள் எந்த ஆசான் சொல்வதை நம்புவது என்று குழம்பிப்போய்க் கேட்டபோது புத்தர் கொடுத்த ஆறுதலும் இங்கே சேரும். மறுவுலகமும் வினைப்பயனும் உண்டு என்றால் நல்லவருக்கு அங்கே நன்மை. இல்லையென்றாலும் பகை இல்லாமல், கலக்கம் இல்லாமல் இங்கேயே வாழ்கிறாரே, அதுவே போதும் என்றார். கேள்வியைத் தீர்க்காமலேயே நல்லபடி வாழத் தொடங்கலாம் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

நம்மிடமும் இருக்கிறதே. "மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று" என்று குறள் 222 நேராகவே சொல்லிவிட்டது. இல்லெனினும்! மேலுலகம் உண்டா இல்லையா என்று வள்ளுவர் அந்த இடத்தில் வாதாடவே இல்லை, அப்படியே ஓரமாக வைத்துவிட்டு ஈவது நல்லது என்கிறார். அதைவிடக் கூர்மையானது புறநானூறு 134. ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பற்றி முடமோசியார் பாடியது: "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்". இங்கே செய்தால் அங்கே கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவனுக்கு அவர் வைத்த பெயர் அறவிலை வணிகன். அறத்தை விலைபேசி விற்பவன். சான்றோர் போன வழி என்பதால் ஆய் கொடுத்தான், அவ்வளவுதான் என்று பாட்டு முடிகிறது. பெரியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்களேன் தனிவழி, உங்களைவிட அவருக்கு இந்தப் பாட்டு நன்றாகத் தெரிந்திருக்கலாம்.

அகல்விளக்கு

மழைக்குருவி அக்கா, ராபியாவைச் சொன்னதற்கு நன்றி. என் தம்பியைப் பயந்தவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று இருந்தது. "என்ன சொல்வேன்" என்று அவன் சொன்னது அடிக்குப் பயந்து சொன்னதில்லை. தன்னைப் படைத்தவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போகுமே என்ற வெட்கம் அது. அப்பா அடிப்பார் என்று பயப்படுவதற்கும் அப்பா மனசு உடைந்துபோவாரே என்று தயங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மறுமை நம்பிக்கையை வெறும் தண்டனை பயம் என்று எழுதும்போது எங்களில் பலர் அதில் எங்களையே அடையாளம் காண முடிவதில்லை. தரவுப்புள்ளி அண்ணாவின் கணக்கில் இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது?

தரவுப்புள்ளி

இல்லை. அந்தக் கணக்கில் அது விழவே இல்லை. நரகம் உண்டா என்று கேட்டு ஆம் இல்லை என்று குறித்துக்கொண்டால் பயமும் வெட்கமும் ஒரே கட்டத்துக்குள் போய்விடும். சரியான திருத்தம் சகோதரி.

பழையபேனா

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் போனால் நேர்மை இல்லை. மறுமை கையைத் தடுத்தது போலவே கையை ஓங்கவும் வைத்திருக்கிறது. கொன்றால் சொர்க்கம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் வரலாறு முழுக்க உண்டு. அதைவிட மௌனமான கொடுமை, மிதிபட்டவர்களிடம் இது போன பிறவியின் பலன், பொறுத்துக்கொள், அடுத்ததில் உயர்வாய் என்று சொன்னது. அதைச் சொன்னவர்கள் பெரும்பாலும் மிதித்துக்கொண்டிருந்தவர்கள். நீதியை அடுத்த உலகத்துக்கு ஒத்திவைப்பது, இந்த உலகத்தில் அநீதி செய்பவனுக்கு எவ்வளவு வசதி!

அகல்விளக்கு

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுமையை ஒழித்துவிட்டோம் என்று பெருமையாகச் சொன்ன ஆட்சிகள் செய்ததையும் பக்கத்தில் வையுங்கள். கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் ஆட்சியில் 1975 முதல் 1979 வரை, நான்கு வருடம்கூட முழுதாக இல்லை, 15 முதல் 20 லட்சம் உயிர்கள். துறவிகளைக்கூட விடவில்லை.

பழையபேனா

வைக்கத்தான் வேண்டும். அங்கே வரப்போகும் பொன்னுலகம் சொர்க்கத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது என்று தோன்றுகிறது. ஆனால் அதைச் சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை, நம்பிக்கை இல்லாமை யாரையும் தானாக நல்லவராக்கிவிடாது என்பதற்கு அது போதுமான சாட்சி.

ஆறாத்தழும்பு

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா என்று தயங்கினேன்.

எல்லோரும், மறுமை இல்லாவிட்டால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று பேசுகிறீர்கள். நீங்கள் பேசுவதெல்லாம் செய்பவர் பக்கம். நான் செய்யப்பட்டவர் பக்கம். எனக்கு ஒன்பது வயதில் எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான ஒருவர் செய்ததை நான் விவரமாக எழுதப் போவதில்லை. அவர் நீண்ட காலம் வாழ்ந்தார், எல்லோரும் மதித்தார்கள், தூக்கத்திலேயே இறந்தார். அவர் முகம் அமைதியாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

தனிவழி, நீங்கள் சொல்வது உண்மையென்றால் அவர் தப்பித்துவிட்டார். அவ்வளவுதானே? இனி ஒருபோதும், எங்கேயும், யாரும் அவரிடம் கேட்கப் போவதில்லை. எனக்கு நல்லவளாக இருக்க நரகம் தேவையில்லை, நான் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. ஆனால் எனக்கு நரகம் வேண்டும். அது இல்லை என்று நீங்கள் இவ்வளவு அமைதியாக எழுதுவதைப் படிக்க என்னால் முடியவில்லை.

மழைக்குருவி

ஆறாத்தழும்பு, எழுதியதற்கு நன்றி. நாங்கள் பேசிய விதத்தில் உங்கள் கேள்விக்கு இடமே விடவில்லை, அது எங்கள் தவறு. இதே கேள்விதான் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் போன்ற ஒருவரையும் வழிமறித்தது என்பதை மட்டும் சொல்கிறேன். கடமையைப் பயத்துக்காகவும் பலனுக்காகவும் செய்தால் அது அறமே இல்லை என்று அவ்வளவு கறாராக எழுதியவர், 1788-ல் எழுதிய நூலில், நன்மைக்கு ஏற்ற மகிழ்ச்சி இந்த வாழ்க்கையில் கிடைப்பதில்லையே என்ற இடத்தில் வந்து நின்று, அதனால் அழியாத உயிரும் கடவுளும் உண்டு என்று கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். நல்லவராக இருக்க மறுமை வேண்டாம், ஆனால் உலகம் நியாயமானது என்று நம்ப மறுமை வேண்டும். நீங்கள் இரண்டு வரியில் சொன்னது அதுதான்.

அகல்விளக்கு

ஆறாத்தழும்பு அக்கா, அவர் தப்பிக்கவில்லை என்று நான் நம்புகிறேன். வேறு எதுவும் இப்போது எழுதத் தோன்றவில்லை. உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன், அது உங்களுக்குச் சம்மதம் என்றால்.

ஆறாத்தழும்பு

சம்மதம்.

தனிவழி

ஒரு வாரமாக எதுவும் எழுதவில்லை. ஆறாத்தழும்பு, உங்களுக்குப் பதில் சொல்லாமல் இந்த இழையை முடிக்க எனக்கு உரிமை இல்லை என்று இருந்தது, ஆனால் பொய்யான ஆறுதல் எதையும் எழுதக் கூடாது என்றும் இருந்தது.

ஆமாம். நான் நினைப்பது உண்மையென்றால் அவரிடம் இனி யாரும் கேட்க மாட்டார்கள். இதை மெழுகிப் பேச மாட்டேன். மறுமை இல்லை என்பதால் இழப்பது எதுவும் இல்லை என்று நான் இத்தனை வருடம் சொல்லிவந்தேன், அது தவறு. நீங்கள் கேட்கும் நீதியை இழக்கிறோம், அது பெரிய இழப்பு. எனக்கு அது உறைக்காமல் போனதற்குக் காரணம், எனக்கு அப்படி ஒன்று நடக்கவில்லை என்பதுதான்.

ஆனால் அந்த வாக்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது, அதைச் சொல்ல முயல்கிறேன், தப்பாக இருந்தால் திட்டுங்கள். அம்மா இப்போது எங்கேயாவது இருக்கிறாரா என்பதில் என் வாக்கு தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துத்தான் நான் குழம்பியிருக்கிறேன். நான் வாக்குக் கொடுத்தது இன்றைய அம்மாவுக்கு இல்லை. அன்று, அந்த அறையில், என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு. அவர் கேட்டார், நான் சரி என்றேன், அவர் முகம் தெளிந்தது. அது நடந்தது. அதற்குப் பிறகு அவர் மறந்தார், இறந்தார், ஆனால் நடந்தது நடக்காததாக ஆகவில்லை, ஆகவும் முடியாது. நான் இன்று நிறுத்தினால், அன்று தெளிந்த அந்த முகத்தைப் பொய்யை நம்பிய முகமாக ஆக்கிவிடுவேன். அவர் பார்க்க வேண்டும் என்று அவசியமே இல்லை. நான் கத்தியதும் அப்படித்தான், அவர் மறந்ததால் அது இல்லாமல் போகவில்லை, சுவரோரம் ஒதுங்கிய அந்த அம்மா ஐந்து நிமிடம் பயந்தார், அந்த ஐந்து நிமிடத்தை எதுவும் அழிக்காது.

உங்களுக்கு நடந்ததும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அவர் அமைதியாக இறந்ததால் அவர் செய்தது சிறிதாகவில்லை. ஊர் கொடுத்த மதிப்பு பொய்யானவருக்குக் கொடுத்த மதிப்பு. அவர் தண்டிக்கப்படவில்லை, சரி, ஆனால் அவர் நல்லவராக வாழ்ந்து முடிந்ததாக ஆகிவிடவில்லை, எந்தச் சாவும் அதை அவருக்குக் கொடுக்க முடியாது. இது நரகத்துக்கு ஈடு ஆகாது என்று எனக்குத் தெரியும். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

ஆறாத்தழும்பு

ஈடு ஆகாது. ஆனால் மெழுகாமல் சொன்னீர்கள். "நடந்தது" என்ற சொல்லை வேறு ஒருவர் வாயால் கேட்டது எனக்கு இதுவே முதல் தடவை. வீட்டில் எல்லோரும் அது ஒன்றும் இல்லை, விடு என்றுதான் சொன்னார்கள்.

நேர்கோடு

எல்லோரும் ஒன்றுதான் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். என்னைப் பற்றி எழுதியதை மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அகல்விளக்கு

தனிவழி அண்ணா, நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை. உங்கள் அம்மா இருக்கிறார், பார்க்கிறார் என்றுதான் நான் நினைப்பேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது, முதல் நாளில் இருந்தே கேட்க நினைத்தேன். மாதாமாதம் பணம் வாங்குகிற அந்த அம்மாவுக்கு, அது யார் சொல்லி வருகிறது என்று தெரியுமா? அந்த அறையில் இரண்டு பேர்தான் இருந்தோம், நிறுத்தினால் ஒருவருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தீர்களே. அப்படியானால் அவருக்கும் தெரியாது என்றுதானே அர்த்தம். தன் தோழி கடைசிவரை தன்னை நினைத்திருந்தார் என்பது தெரியாமலேயே அவர் இருக்கிறாரா?

தனிவழி

தெரியாது. என் நல்ல மனசால் அனுப்புகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், பேசும்போதெல்லாம் என்னை வாழ்த்துகிறார். ஆறு வருடமாக அந்த வாழ்த்தை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அது அம்மாவுக்குச் சேர வேண்டியது என்பதே எனக்குத் தோன்றவில்லை, நீங்கள் கேட்கும்வரை.

வயதானவர், காது சரியாகக் கேட்காது, போனில் சொன்னால் புரியாது. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போகிறேன்.